கேபினுக்கு ஒரு ஜன்னல்

காலையில் எழுந்து பாயைச் சுருட்டினேன். அடுப்பு மூட்டிக் காப்பி போட்டுக் குடித்தேன். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சங்கத்தின் வெற்றிக் கூட்டத்துக்குப் போனேன்.

வேலைநிறுத்தம் என்றால், சினிமா ஆபரேட்டர்களான நாங்கள் அவரவர் புரொஜக்டரின் லென்ஸைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். அது இல்லாமல் படம் ஓடாது. இம்முறை நாங்கள் கேட்டது, உள்ளே நின்று வேகிற கேபினுக்கு ஒரு ஜன்னல். கிடைத்துவிட்டது.

"இனிமே படத்த விட்டுட்டு ரோட்டத்தான்யா பாக்கப்போறான் இவன்" என்று பக்கத்து ஆபரேட்டரைக் காட்டி யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

தலைவர் இருதயராஜ் என்னை மேடையேற்றி மாலை போட்டார். "நம்ம செயலாளரோட சம்சாரம் தையல்நாயகி மூச்சு விட முடியாம கெடக்காங்க. லென்ஸக் குடு, ஆஸ்பத்திரிக்குக் கார் தர்றேன்னு முதலாளி வாசல்ல வந்து நிக்கிறாரு. அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? நான் செத்தாலும் குடுக்காதீங்கன்னாங்க."

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாலை கழுத்தில் அரித்தது. "நீங்களே சொல்லுங்க தோழர்" என்று அவர் மைக்கை என் பக்கம் திருப்பினார். நான் கைகூப்பினேன். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

செயலாளர் கொடுத்தால் எல்லோரும் கொடுத்துவிடுவார்கள் என்று முதலாளியைத் திருப்பி அனுப்பியது நான். அவளை நான் கேட்கவேயில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்டு, உள்ளேயிருந்து அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"போறாங்களா? கூப்பிடுங்களேன்."