மூன்றாம் பந்தி

மண்டபத்தில் இரண்டாம் பந்திக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சரசு, எதிரே கைப்பேசி உயர்வதைக் கண்டதும் வாளியோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அதற்குள் படம் பிடித்தாயிற்று. வேலை நேரத்தில் அவள் முகக்கவசத்தைக் கழற்றுவதே இல்லை. ஆனால் என்ன பயன்? இப்போதெல்லாம் வீடியோ போடும் செயலியே நடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, பெயரைப் போட்டு, சொந்தக்காரர்களுக்கும் தகவல் அனுப்பிவிடுகிறது. புருஷனின் அடிக்குத் தப்பி இந்தக் கோபி ஊருக்கு வந்தவள் அவள்.

பாதிப் பந்தியில் வாளியை வைத்துவிட்டுப் போக முடியாது. எல்லாரும் எழுந்த பிறகுதான் படமெடுத்தவரிடம் ஓடினாள். அவர் மணப்பெண்ணின் அத்தை.

"அம்மா, அந்த வீடியோவ அழிச்சிருங்க. நான் அதுல விழுந்திருப்பேன்."

"போட்ட உடனே உன்ற பேரு வந்துருச்சே. பேச்சியம்மாதான அம்மணி?"

அந்தப் பெயரை இந்த ஊரில் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அழிச்சிருங்கம்மா. உங்க கால்ல விழுதேன்."

"அட, இரு. உன்ற வீட்டுக்காரரே மெசேஜ் அனுப்பிட்டாரு. இந்தப் பக்கந்தான் ஊரூராத் தேடிட்டு இருந்தாராமா. பாவம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அத்தை அவள் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாண ஊட்டுக்காரங்க வேறென்ன சொல்லுவோம்? வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு மண்டபத்து வழிய அனுப்பிட்டேன். வண்டிய எங்க நிறுத்தறதுன்னு இப்பத்தான் கேட்டாரு."

மூன்றாம் பந்திக்கு இலை போட ஆரம்பித்திருந்தார்கள்.