நாலு துண்டுக் கதவு

“என் பக்கத்துலேருந்துதான் வந்திருக்கும் டாக்டர். எழுதிக்கோங்க,” என்றார் அப்பா.

“அவர் கிடக்காரு. இது எங்க வழிதான்,” என்றாள் அம்மா.

காலையில் அலாரம் அடித்ததும் மயங்கி விழுந்த மகள், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். இதய டாக்டருக்கு வியப்பு தாங்கவில்லை. பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் பங்குக்கு வருவார்கள், நோய் என்றால் ஒருவர் மற்றவர் குடும்பத்தைக் கை காட்டுவார்கள். இத்தனை வருடத்தில் அவர் கண்டது அதுதான்.

“முதல்ல என்னன்னு புரிஞ்சுக்கோங்க.” மேசையில் இருந்த நான்கு மாத்திரைப் பெட்டிகளை ஒரு சின்ன இடைவெளியைச் சுற்றி நிறுத்தினார் டாக்டர். “இதய செல்லுலேருந்து பொட்டாசியம் வெளியே போற வழி இது. நாலு துண்டு சேர்ந்தாத்தான் ஒரு வழி. ஒவ்வொரு துண்டுலயும் மின்சாரத்தை உணர்ற பகுதி ஒண்ணு இருக்கு. துடிக்கும்போது மின் அழுத்தம் மாறும். உடனே அது நகர்ந்து உள்கதவைத் திறக்கும். பொட்டாசியம் வெளியே போனதும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும், கதவும் மூடிக்கும்.”

“இவளுக்கு?”

ஒரு பெட்டியைச் சாய்த்து வைத்தார் டாக்டர். “அம்மா தந்த ஜீன், அப்பா தந்த ஜீன், ரெண்டுலேருந்தும் துண்டு கலந்து வரும். ஒண்ணு கோணலா இருந்தாலே வழி கெட்டுப்போகும். இதயம் ஓய்வுக்கு வர நேரமாகும். அப்போ திடுக்கிட்டா மயக்கம், சமயத்துல உயிருக்கே ஆபத்து. மாத்திரை இருக்கு. அலாரத்தைத் தூக்கிப் போடுங்க.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க அத்தையும் இப்படித்தான் டாக்டர், திடீர்னு விழுவாங்க.”

“உன் அத்தை படியில வழுக்கி விழுந்தாங்க. என் சித்தப்பாதான் தூக்கத்துலயே போனவர்.”

“அவர் பஸ்ல அடிபட்டுல்ல போனாரு?”

“சண்டை எதுக்கு? ரெண்டு பேரும் ரத்தம் குடுங்க, யார்னு தெரிஞ்சுடும். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரங்களையும் பார்க்கணும்,” என்றார் டாக்டர்.

இருவர் முகமும் வெளிறிப்போயிற்று.

“அதான் ஒத்துக்கறோமே டாக்டர், ரத்தம் எதுக்கு?” என்றார் அப்பா.

“அப்பா, ரெண்டு பேரும் வெளியே உட்காருங்க. ஒரு நிமிஷத்துல வரேன்,” என்று அனுப்பிவைத்தாள் மகள். கதவு சாத்தும்வரை காத்திருந்தாள்.

“அவங்களுக்கு டெஸ்ட் வேண்டாம் டாக்டர். அவங்க என்னைத் தத்தெடுத்தவங்க. அது எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது.”