மூன்றாவது சரணத்துக்கு முன்

ஏழாயிரத்து முந்நூறு ரூபாய்.

இவன் ஐஸ் பாரம் தூக்கிய கூலி. தரவேண்டியவன் தேசிங்கு. காசிமேட்டில் ஐஸ் கடை, கழுத்தில் சங்கிலி, கேட்டால் நாளைக்கு.

ஒருநாள், கூலிக்குப் பதில் வேலை வந்தது. தேசிங்கின் அப்பா செத்து வருஷம் ஆகப்போகிறது. இவன் சாவு வீடுகளில் கானா பாடுகிறவன்.

"எங்கப்பா மேல ஒரு பாட்டு பாடு. மொத்தமா செட்டில் பண்ணிடறேன்."

ரிக்கார்டிங்கில் நின்று பாடினான்.

உயிரோடு இருந்தவரை அந்தக் கிழவன் ஒருத்தனுக்கும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை. பாட்டில் வள்ளல் ஆனான்.

மூன்றாவது சரணத்துக்கு முன்னால் மேளம் மட்டும். சும்மா நின்ற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்குள் முனகினான். மேளத்தில் அமுங்கிவிட்டது. யாருக்கும் கேட்கவில்லை.

கூலி வரவில்லை. பாட்டு மட்டும் பம்பாய்க்குப் போனது.

மாஸ்டரிங்காம். எல்லாம் முடிந்தபிறகு கடைசியாகச் செய்கிற வேலையாம். எகிறுகிற சத்தத்தை அமுக்குவார்களாம், தாழ்ந்து கிடப்பதைத் தூக்கி நிறுத்துவார்களாம். அப்புறம் செல்போனோ ஆட்டோவோ மைக் செட்டோ, எங்கே போட்டாலும் ஒரே மாதிரி கேட்குமாம்.

அதற்குப் பதினைந்தாயிரம். கேட்டவுடனே அனுப்பினான் தேசிங்கு. வாங்கிய ஆளுக்குத் தமிழ் தெரியாது.

"இன்னும் சத்தம்" என்று தேசிங்கு அந்த ஆளிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். பாட்டை உட்கார்ந்து கேட்கவில்லை. திரையில் சத்தக் கோடு தடிமனாக ஓடுகிறதா என்றுதான் பார்த்தான்.

நினைவு நாள். ஆளுயர ஸ்பீக்கர்கள். சொந்தபந்தம், வட்டச் செயலாளர், பிரியாணி அண்டா.

மூன்றாவது சரணத்துக்கு முன்னால் மேளம் கொஞ்சம் தணிந்தது.

"ஏழாயிரத்து முந்நூறு குடுக்க வக்கில்ல. அப்பனுக்குப் பாட்டு ஒரு கேடு. தூ!"

தெருவுக்கே கேட்டது. பிசிறே இல்லை.

மீன் விற்கிற எலிசாதான் முதலில் சிரித்தாள். "யோவ், நீ துப்புனதுகூட எம்மாஞ் சுத்தமா கேக்குதுய்யா!"

ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். செல்போன்களை யார் நிறுத்துவது?

ஏலக்கூடத்தில் கேட்டது. டீக்கடையில் கேட்டது. எங்கே போட்டாலும் ஒரே மாதிரி. பதினைந்தாயிரத்துக்கு வஞ்சகமில்லாத வேலை.

மறுநாள் ஐஸ் லாரி பக்கத்தில் வந்து தேசிங்கு நோட்டுகளை நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

இவன் எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது.

ஓர் ஆட்டோ அவர்களைத் தாண்டிப் போனது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள், தூ வரைக்கும்.

தேசிங்கு இன்னொரு ஐந்நூறை உருவினான். குரல் இறங்கிவிட்டது. "குடுத்துட்டான்னு ஒரு வரி சேத்துப் பாடேன்."

இவன் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"பாட்டுக்கெல்லாம் காசு வேணாம் மொதலாளி. அது சும்மா பாடுனது."

கணக்கு தீர்ந்திருந்தது. அடுத்த பாரத்துக்குக் குனிந்தான்.