முக்கீபியின் இடது கை

"மறுபடியும் அதே இடது கை! விரலைப் பிரிங்க முக்கீபி!"

விக்டோரியா ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நலுபேகா கத்தினாள். நகரத்து நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். ஏரி மீட்புப் படைக்கு ஆள் எடுக்க வந்திருந்தாள். ஃப்ரீஸ்டைல் நீச்சல் சுத்தமாக வந்தால்தான் உள்ளே.

முக்கீபியின் வலது கையைப் பார்க்க ஆசையாக இருக்கும். முழங்கை உயர்ந்து, விரல் நுனி முதலில் இறங்கி, தண்ணீரை அள்ளித் தொடைவரை தள்ளும். இடது கையோ இறங்கினால் இறங்கினதுதான். முஷ்டியை மூடிக்கொண்டு, பின்னாலேயே இழுபட்டு வரும்.

"முஷ்டிக்குள்ள என்ன பெருசு, மீனா?" என்றான் ஒருவன். மற்ற படகுத்துறைகளிலிருந்து வந்த பையன்கள் சிரித்தார்கள். முக்கீபியின் துறைக்காரர்கள் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை பாக்கட்டுமா, நியாபோ?" என்றார் முக்கீபி. அந்த ஊர்ப் பேச்சில் 'அம்மா' என்பதற்கு அதுதான் சொல்.

"தோளைச் சுத்தி, முழங்கையை மடக்கி, கையை வெளிய எடுக்கணும். அவ்வளவுதானே?" என்றாள் நலுபேகா.

"தெரியுது. கை கேக்க மாட்டேங்குது."

"நீங்க இப்படிப் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க ஆள் செத்திருப்பான்."

முக்கீபி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஆமா" என்று மட்டும் சொன்னார்.

கடைசி முறையும் அதே கதை.

"வேண்டாம். அடுத்த ஆள்!"

"நீந்த வேணாம் நியாபோ. எஞ்சின் படகை ஓட்டவாவது சேத்துக்கோங்க."

"மீட்புப் படகு என்ன சவாரிப் படகா? ஓட்டுறவரும் குதிக்கணும். போங்க."

ஈர உடம்பிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

சாயங்காலம், தேர்வானவர்களை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிய பிறகும் நலுபேகாவுக்கு எரிச்சல் தீரவில்லை.

"அந்த மனுஷனுக்கு யாரு நீச்சல் கத்துக்கொடுத்தது? கையையே கெடுத்து வச்சிருக்காங்க."

கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த நகாயி சட்டென்று உதட்டில் விரல் வைத்தாள். "ஷ்ஷ்! தண்ணிக்குக் கேக்கும். மேல ரோட்டுக்கு வாங்க."

ஏரி கொண்டுபோனவர்களைப் பற்றி ஏரிக்கரையில் நின்று அந்த ஊரில் யாரும் பேசுவதில்லை.

ரோட்டுக்கு வந்ததும் நகாயி தோள் துணியால் முகத்தைத் துடைத்தாள்.

"படகு கவிழ்ந்தா ஓடி வந்து குதிக்கிறது அவர் ஒருத்தர்தான். என் புருஷனைக் கரை சேத்ததும் அவர்தான். நீந்திப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதிப் பேருக்கு மூச்சு நின்னுடும். ஆனாலும் இடது கையில சட்டையைப் பிடிச்சார்னா, பொணமா இருந்தாலும் கரை வர்ற வரைக்கும் விடமாட்டார்."

"அதை என்கிட்ட அவராவது சொல்லியிருக்கலாமே?"

"தண்ணியில நின்னுக்கிட்டு எப்படிச் சொல்லுவார்?"

நலுபேகா லாரி போன பக்கம் பார்த்தாள். புழுதிகூட அடங்கிவிட்டது.

"இருந்தாலும் இன்னைக்கு அவர் கை காலியாத்தானே இருந்தது..." என்றாள், தணிந்த குரலில்.

"கரைக்குத் தனியா நீந்தி வந்து அவருக்குப் பழக்கமே இல்லையே, நியாபோ!"