மாமனாரின் ஆமென்

ஒல்லாந்திலிருந்து மொன்றியலுக்குக் குடியேறிய என் மாமனாரைக் காலையில் அடக்கம் செய்துவிட்டு, அவர் வீட்டு மேசையில் மதியச் சாப்பாட்டை முடித்தும் எழும்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே சாப்பிட்ட பிறகும் அவர் செபித்து 'ஆமென்' சொன்னால்தான் கதிரையைத் தள்ளி எழும்பலாம். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் நாள் முழுக்க வெல்டிங் செய்துவிட்டு வந்தாலும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் செபிப்பார். எந்த வேலையிலும் நிலைக்காத மருமகன் எனக்கு மட்டும் ஒரு முழுப் பந்திச் செபம். செத்தும் எங்களைக் கட்டிவைத்திருக்கிறார் மனிதர். சன்னலில் பனி வெளிச்சம். தட்டில் குழம்பு காய்கிறது. "ஆமெனை நீரே சொல்லுமன், கால் விறைக்குது" என்று மனைவி அன்னெக்காவிடம் முணுமுணுக்கிறேன். நான் பழக்கிய யாழ்ப்பாணத் தமிழிலேயே சீறுகிறாள்: "சும்மா இரும். அப்பா இன்னும் சொல்லேல்லை." மாமி எங்களைப் பார்க்கிறார். பிறகு சட்டியை இழுத்து, எல்லோர் தட்டிலும் இன்னுமொரு கிழங்கு வைக்கிறார். தொண்டைவரை நிறைந்திருந்தும், முடிந்த சாப்பாட்டை மறுபடி தின்னத் தொடங்குகிறேன்.