ஊசியோடு விழுந்த பூ

கயிறு அசையவில்லை.

படகுக்காரன் அதன் நுனியை இடது கையில் சுற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். இலை. இலைக்கு மேல் இலை. அதற்கும் மேலே, வெளுக்கத் தொடங்கியிருந்த வானம். அவன் மனைவி எந்தக் கிளையில் இருக்கிறாள் என்றே தெரியவில்லை.

செங்கடம்பு பொல்லாத மரம். சதுப்புக் காட்டில், சேற்று நீருக்குள் நின்றுகொண்டு, இருட்டிய பிறகுதான் பூக்கும். கிளைக்குக் கிளை சிவப்புச் சரங்கள் தொங்கும். விடியும்போது அத்தனையையும் தண்ணீரில் உதிர்த்துவிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல நிற்கும்.

உதிர்ந்த பூவை அள்ளிக்கொண்டு போகலாம் என்றால், தாவரக் காப்பகத்து அம்மா வாங்கமாட்டார். உதிரும்போது இதழும் மகரந்த இழைகளும் ஒரே வளையமாகக் கழன்று விழும். நடுவில் நிற்கும் மெல்லிய தண்டு சரத்திலேயே தங்கிவிடும். அதைத்தான் பூப்பறிப்பவர்கள் ஊசி என்பார்கள். விழுந்த பூவின் நடுவில் ஓட்டைதான் இருக்கும்.

“ஊசியில்லாத பூவ வெச்சு நான் என்ன தோடா பண்ணிப் போட்டுக்கறது?” என்று போன முறை மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் சரத்தோடு பறிக்க வேண்டும். பறிக்க ஏற வேண்டும். ஏறுவது எப்போதும் அவள்தான். அவன் ஏறினால் கிளை அவனோடு கூடவே கீழே வந்துவிடும்.

இந்த மரத்தில் ஒரு குளவிக்கூடு வேறு. குடத்தைக் கவிழ்த்தாற்போல் தொங்கியது. மூச்சைப் பலமாக விட்டாலே கலைந்துவிடும் என்று தோன்றியது. ஆகவே பேச்சு கிடையாது, கயிறு மட்டும்தான். ஒரு இழுப்பு என்றால் பை இறங்குகிறது. இரண்டு இழுப்பு என்றால் படகைத் தள்ள வேண்டும். அவன் காலைத் தண்ணீருக்குள் விட்டு, வேரை உதைத்துத் தள்ளுவான்.

“என்னங்க, கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க வாய அடைக்க வழி தேடிட்டிருந்தேன். கடைசில ஒரு குளவி வரவேண்டியிருந்துச்சு பாருங்க,” என்று சிரித்தாள் ஏறுவதற்கு முன்.

“நீ மொதல்ல உன் வாய மூடிட்டு ஏறு, அணிலு.”

அவள் மூடிக்கொண்டு ஏறினாள். ஏறியவள்தான். பை இறங்கவில்லை, கயிறும் இழுபடவில்லை.

கொட்டியிருக்குமோ? கொட்டி, மயங்கி, ஏதோ ஒரு கவட்டையில் ஈரத்துணிபோல மடங்கிக் கிடக்கிறாளோ?

கத்திக் கூப்பிடலாம். கூப்பிட்டால், இதுவரை கொட்டாத குளவியும் கொட்டும்.



சொட்டுச் சொட்டாகப் பூக்கள் விழுந்துகொண்டிருந்தன. படகின் பின்முனைக்கு நகர்ந்து, தண்ணீரிலிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணருகில் பிடித்தான். நடுவில் ஓட்டை. இன்னொன்று. ஓட்டை. கை நிறைய அள்ளினான். எல்லாம் ஓட்டை. மரம் தானாகப் போட்டவை. கை பட்டு விழுந்ததாக ஒன்றுகூட இல்லை.

ஊசியோடு ஒரு பூ. ஒன்றே ஒன்று போதும்.

படகின் விளிம்பில் ஏதோ மெதுவாகத் தட்டியது. எடுத்தான். சிவப்பு இழைகளுக்கு நடுவே, நேராக, ஊசி. அடியில் காம்பு கிள்ளிய இடம் ஈரமாக இருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. “மகராசி,” என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்து ஒரு முழுச் சரமே விழுந்தது. படகுக்கு வெளியே, பின்முனைக்கு அப்பால். அது விழுந்த இடத்திலேயே இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.

அவனுக்குக் கோபம் வந்தது. பையில் போட வேண்டியதைத் தண்ணீரில் எறிகிறாளே, பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு? பின்முனையில் குப்புறப் படுத்து, வலது கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, தன் பக்கமாக அளைந்தான்.

சரங்கள் வந்தன. கூப்பிட்ட குரலுக்கு வருவதுபோல, நேராக வந்தன.

இன்னும் கொஞ்சம் அளைந்தான்.

அப்போதுதான் மற்றப் பூக்களைக் கவனித்தான். ஓட்டைப் பூக்கள் எல்லாம் படகைக் கடந்து, நீரோட்டத்தோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூட இங்கே திரும்பவில்லை.

மூன்று சரங்கள் மட்டும் நீரை எதிர்த்து வந்தன. அவற்றின் அடியில் கரடுமுரடாக, மரப்பட்டைபோல ஏதோ தெரிந்தது. மரப்பட்டைக்கு முன்னால் இரண்டு கண்கள். முதலை.

கயிறு ஏன் அசையவில்லை, சரங்கள் ஏன் அங்கேயே விழுந்தன என்று அவனுக்கு விளங்கியது. தவறியும் இரண்டு தடவை அசைந்திருந்தால், படகைத் தள்ள அவன் காலைத் தண்ணீருக்குள் இறக்கியிருப்பான்.

கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. கைக்குத்தான் அது தெரியவில்லை. தோளிலிருந்து கீழே, வேறு யாருடைய கையோபோலத் தண்ணீரில் கிடந்தது.

சரங்கள் நின்றன. பிறகு சத்தமில்லாமல் மூழ்கின.

மேலேயிருந்து அவள் கத்தினாள். ‘என்னங்க’ என்று கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத அவன் பெயரை, காடே கேட்கும்படி, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

கை வெளியே வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் தண்ணீர் வெடித்துப் படகு ஆடியது.

ஆட்டம் நின்ற பிறகுதான், மேலே குளவிகள் கிளம்பும் இரைச்சல் அவனுக்குக் கேட்டது.