மகள் ஓட்டினால் மட்டும்

"வேற யார் ஓட்டினாலும் சத்தமில்லைங்க. எம் பொண்ணு ஓட்டினா மட்டும் பிரேக்கு கீச்சுனு கத்துது!"

சொன்னவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். இருபது வருடத்தில் எத்தனையோ புகார் கேட்ட மனிதர்தான். ஆனால் வண்டிக்கு ஆள் அடையாளம் தெரியும் என்று யாரும் வந்து சொன்னதில்லை.

"அப்படி என்னங்க உங்க பொண்ணுமேல வண்டிக்குக் கோபம்?"

"விளையாடாதீங்க. மூணு மணிக்கு அவளுக்கு லைசன்ஸ் டெஸ்ட். லைசன்ஸ் கைக்கு வந்தாத்தான் திங்கக்கிழமை வேலையில சேரலாம். வீடு வீடாப் போய்ப் பார்க்கிற நர்ஸ் வேலை. கார் அவங்களே குடுத்துடறாங்க, ஓட்டத் தெரிஞ்சா போதும். டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் வேற ஒரு மாதிரி. வண்டி முனகினாலே இறக்கி விட்டுடுவார்."

"மெதுவா வந்தாலும் கத்துதுண்ணே" என்றாள் மகள், சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்தபடி.

அப்போது மணி பன்னிரண்டு. மெக்கானிக் அந்த டிரைவிங் ஸ்கூல் காரின் நான்கு சக்கரங்களையும் கழற்றினார். பிரேக் பேடுகள் புதுசு போல இருந்தன. டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. கல்லோ மண்ணோ எங்கும் சிக்கியிருக்கவில்லை. சும்மா அனுப்ப மனம் வராமல் பேடுகளை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் வைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்.

பின்பக்கத் தெருவில் அவரே ஓட்டிப் பார்த்தார். பத்துத் தடவை நிறுத்தினார். சத்தமே இல்லை. வாத்தியார் ஓட்டினார். அப்போதும் வண்டி வாயைத் திறக்கவில்லை.

"இப்ப நீ ஓட்டும்மா" என்றார் வாத்தியார்.

மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தார், மெக்கானிக் பின் சீட்டில். முதல் திருப்பம் வந்தது.

கீ...ச்!

மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. அதே வண்டி, அதே ரோடு. பத்து நிமிஷம் முன்னால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. இப்போது என்ன வந்தது இதற்கு? அடுத்த முனையிலும் கீச். அதற்கடுத்த முனையிலும் கீச்.

"ஏம்மா, பிரேக்கை ரொம்ப அழுத்தறியா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டார். "அழுத்தறதா? பூ மாதிரி நிறுத்தறா, பார்த்தீங்கல்ல? மத்த பசங்ககிட்ட 'மிதி, மிதி'ன்னு தொண்டை வத்தக் கத்தணும். இவகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார், வண்டியும் குலுங்காமல்தான் நின்றது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார். கீச். சீட்டை ஓர் அங்குலம் பின்னால் தள்ளி ஓட்டச் சொன்னார். கீச். ஏன் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வண்டிக்கு வைத்தியம் பார்ப்பதா, இல்லை பெண்ணுக்கு ஏதாவது மந்திரிப்பதா என்றே குழம்பிப் போனார்.

"மணி ரெண்டேகால் ஆயிடுச்சுண்ணே" என்றாள் அவள். "இந்த வேலைக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன்."

மெக்கானிக்குக்குப் பாவமாகப் போய்விட்டது. எப்படியாவது கண்டுபிடித்தே தீர வேண்டும்.

"சத்தம் முன்பக்கத்துலருந்துதான் வருது. வாத்தியாரே, நீங்க இறங்குங்க. அந்த சீட்டுல உட்கார்ந்து நான் கேக்கணும்."

வாத்தியார் அரை மனதாக இறங்கினார். தெருக்கோடியில் நின்ற லாரியைக் காட்டினார். "நான் அது பக்கத்துல நடைபாதையில நிக்கறேன். லாரிக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்தும்மா. எப்பவும் போல நிறுத்து" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் போய்ச் சேர்ந்ததும் மகள் வண்டியை எடுத்தாள். நேராக, அழகாக ஓட்டினாள். மெக்கானிக் கண்ணை மூடி, கதவில் காதை வைத்துக் காத்திருந்தார். கீச் வரவில்லை. இன்னும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், கண்ணாடி முழுக்க லாரியின் பின்பக்கம்!

"பிரேக்கு! பிரேக்கை மிதிம்மா!"

"ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துட்டேண்ணே" என்றாள் அவள் நிதானமாக. "பதறாதீங்க, இப்பத் தானா நின்னுடும். எப்பவும் அப்படித்தான் நிக்கும்."

வாத்தியாருக்கென்று அந்த சீட்டுக்கு முன்னால் வைத்திருந்த இரண்டாவது பிரேக்கை மெக்கானிக் உயிர் போகிற அவசரத்தில் மிதிக்க, அவர் காலடியிலிருந்தே கீ...ச்சென்று கத்திக்கொண்டு லாரிக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

நடைபாதையில் நின்ற வாத்தியாரின் வலது கால், அவருக்கே தெரியாமல், தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.